அமெரிக்காவில் தைத்த உடையை வாங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்பில் அமெரிக்கக் கொடி, முதுகில் கழுகு, கழுத்தின் உட்புறத்தில் 'மேட் இன் ஹோண்டுராஸ்'. வட கரோலினாவின் சார்லட் நகருக்குக் குடிவந்த முதல் ஆண்டு, ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்காக ஒரு பெரிய கடையில் நான் வாங்கிய டி-ஷர்ட் அது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். கடையிலேயே உட்புறத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். கொடியைப் பார்த்து ஏமாந்தேன். அதன் பிறகுதான் உண்மையிலேயே இந்த நாட்டில் தைக்கும் உடை எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கற்றதை, புதிதாகத் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1960களில் அமெரிக்கர்கள் வாங்கிய உடைகளில் பெரும்பகுதி உள்நாட்டில் தைத்தவை. இன்று நூற்றுக்கு இரண்டு மூன்று தேறினால் அதிகம். நான் இருக்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் கன்னாபொலிஸ் என்ற ஊர் வரும். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்தே வளர்ந்த ஊர். 2003 ஜூலையில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டபோது அங்கே மட்டும் 4,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். வட கரோலினா மாநிலம் அதற்கு முன் அவ்வளவு பெரிய ஆள்குறைப்பைக் கண்டதில்லை. லீவைஸ் நிறுவனம் டெக்சாஸில் இருந்த தன் கடைசி அமெரிக்கத் தையல் ஆலையை 2004 தொடக்கத்தில் மூடிவிட்டது. 1905 முதல் ஜீன்ஸ் துணியான டெனிம் நெய்த கிரீன்ஸ்பரோவின் ஒயிட் ஓக் ஆலை 2017 டிசம்பர் 31 அன்று நின்றது. ஆக, எந்தக் கடையிலும் நுழைந்து கைக்கு எட்டியதை எடுத்தால் அது அமெரிக்கத் தையலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தேடித்தான் எடுக்க வேண்டும்.

முதல் படி: லேபிளைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். அமெரிக்காவில் விற்கும் துணி உடைகளில் என்ன இழை, எந்த நாடு, யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். கழுத்துள்ள உடையில் நாட்டின் பெயர் பின்கழுத்தின் நடுவில், இரண்டு தோள் தையல்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். இதைக் கண்காணிப்பது அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன். நாட்டின் பெயரைப் பக்கவாட்டுத் தையலுக்குள் ஒளித்துவைத்திருந்தால் அப்போதே சந்தேகப்படலாம்.

வெறும் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று மட்டும் இருந்தால், தைத்ததும் இங்கே, தைத்த துணியும் இங்கே என்று பொருள். 'மேட் இன் யுஎஸ்ஏ ஆஃப் இம்போர்ட்டட் ஃபேப்ரிக்' என்றால் வெட்டித் தைத்தது இங்கே, துணி வந்தது வெளியிலிருந்து. இது ஏமாற்று அல்ல, நேர்மையான லேபிள். என் அலமாரியில் நல்ல சட்டைகள் பல இந்த வகைதான், ஏனென்றால் மெல்லிய சட்டைத் துணியை இங்கே நெய்பவர்கள் மிகச் சிலர். 'அசெம்பிள்டு இன் யுஎஸ்ஏ' என்று இருந்தால் பாகங்கள் வெளியிலிருந்து வந்து இங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 'டிசைன்டு இன் கலிபோர்னியா' என்றால் படம் வரைந்தது கலிபோர்னியாவில். அவ்வளவுதான். தைத்த இடத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 'அமெரிக்கப் பருத்தி' என்ற அட்டையும் அப்படியே. டெக்சாஸில் விளைந்த பஞ்சு கப்பலேறிப் போய், வேறெங்கோ டி-ஷர்ட்டாகித் திரும்பி வரலாம். கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்குக்கூட அமெரிக்கப் பஞ்சு வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதிப்படி ஒரு தயாரிப்பாளர் தனக்கு ஒரு படி முன்னால் இருக்கும் பொருளை மட்டும் பார்த்தால் போதும். துணியை வாங்கிச் சட்டை தைப்பவர் அந்தத் துணி எங்கே நெய்தது என்று பார்ப்பார். நூலை வாங்கி நேராக உடையாகப் பின்னுபவர் நூலைப் பார்ப்பார். நூல் நூற்பவர் பஞ்சைப் பார்ப்பார். அதனால் அமெரிக்கத் துணியில் தைத்த சட்டையின் நூல் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாலும் லேபிளில் அது தெரியாமல் போகலாம். பட்டன், ஜிப் போன்றவை இந்தக் கணக்கிலேயே சேராது. ஆகவே ஐந்து கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பஞ்சு எங்கே, நூல் எங்கே, துணி எங்கே, வெட்டியது எங்கே, தைத்தது எங்கே? லேபிள் கடைசி மூன்றுக்குப் பதில் சொல்லும். மற்ற இரண்டை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

லேபிளே பொய் சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும். 2022இல் லயன்ஸ் நாட் ஷீப் என்ற நிறுவனத்தின் மீது கமிஷன் நடவடிக்கை எடுத்தது. சீனா என்று எழுதிய பட்டிகளை நீக்கிவிட்டு 'மேட் இன் யுஎஸ்ஏ' பட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2,11,335 டாலர் கட்ட நேர்ந்தது. இதைவிடப் பெரிய கதை பசிபிக் கடலில் இருக்கும் சைப்பான் தீவு. அது அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட நிலம் என்பதால் அங்கே தைத்த உடைகளில் சட்டப்படியே 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று போட முடிந்தது. ஆனால் பிரதான நிலப்பரப்பின் குறைந்தபட்ச ஊதியம் அங்கே பொருந்தவில்லை. தைத்தவர்கள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து கடன் வாங்கி வந்த பெண்கள். 2009இல்தான் கடைசி ஆலை மூடப்பட்டது. பழைய துணிக்கடைகளில் 'நார்தர்ன் மரியானா ஐலண்ட்ஸ்' என்ற பட்டியைப் பார்த்தால் அது அந்தக் காலத்துச் சரக்கு.

இரண்டாம் படி: இணையக் கடையில் ஒரு சொல்லைத் தேடுங்கள்

இணையத்தில் விற்கும்போதும் உள்நாடா இறக்குமதியா என்பதைப் பொருள் விவரத்தில் சொல்லியாக வேண்டும். 'இம்போர்ட்டட்' என்று ஒற்றைச் சொல் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள். 'மேட் இன் யுஎஸ்ஏ அண்டு இம்போர்ட்டட்' என்றால் ஒரே உடையில் இரண்டும் கலந்திருக்கிறது, அதாவது வெளிநாட்டுத் துணியில் உள்நாட்டுத் தையல் போல. 'மேட் இன் யுஎஸ்ஏ ஆர் இம்போர்ட்டட்' என்றால் சில உடைகள் இங்கே தைத்தவை, சில வெளியே தைத்தவை. உங்கள் வீட்டுக்கு எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஒரு சிறு இணைப்புச் சொல்லுக்குள் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

லேபிளில் 'ஆர்என்' என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கலாம். கமிஷனின் தளத்தில் அதை இட்டால் எந்த நிறுவனம் பொறுப்பு என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். புதியவர்கள் பலர் இந்த எண் இருந்தாலே அமெரிக்கத் தயாரிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இறக்குமதியாளருக்கும் அந்த எண் உண்டு.

மூன்றாம் படி: ஊசி வேலை குறைந்த உடையிலிருந்து தொடங்குங்கள்

தொழில் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நூற்பதும் பின்னுவதும் சாயமிடுவதும் எந்திர வேலை. அதில் அமெரிக்க ஆலைகள் இன்றும் போட்டி போடுகின்றன. வட, தென் கரோலினா மாநிலங்களில் நூற்ற நூல் மத்திய அமெரிக்காவுக்குப் போய் அங்கே டி-ஷர்ட்டாகித் திரும்புவது அன்றாட வணிகம். என் ஹோண்டுராஸ் டி-ஷர்ட்டின் நூல் சார்லட் பக்கத்து நூலாகவே இருந்திருக்கலாம். துணி தொளதொளவென்று நழுவும் பொருள் என்பதால் அதைப் பிடித்து ஓவர்லாக் தையல் எந்திரத்துக்குக் கொடுக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டும். அந்தக் கைக்குக் கொடுக்கும் கூலிதான் தொழிலை நாடு கடத்தியது. ஆகவே எந்த உடையில் தையல் குறைவோ அது இங்கே மலிவு. காலர், கஃப், பட்டன் வைக்கும் பிளாக்கெட் என்று கூடக் கூட விலை ஏறும்.

அதனால் சாக்ஸில் தொடங்குங்கள். அது எந்திரத்திலேயே உருவாகி விழுகிறது. விரல் பக்கத்தை மூடினால் முடிந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் நார்த்ஃபீல்டில் ஒரு குடும்ப ஆலை 2004இல் தொடங்கிய டார்ன் டஃப் சாக்ஸுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள். கிழிந்தால் திருப்பி அனுப்பி வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஜோடி இருபது டாலரைத் தாண்டும் என்பது முதலில் நெஞ்சை அடைக்கும். விஸ்கான்சினின் செபாய்கனில் 1905 முதல் இருக்கும் விக்வாம் இன்னொரு பழைய பெயர்.

அடுத்து டி-ஷர்ட், தலைமூடி வைத்த ஹூடி. லாஸ் ஏஞ்சலஸ் அப்பாரல் பின்னல், வெட்டு, தையல் எல்லாவற்றையும் அந்நகரத்திலேயே வைத்திருக்கிறது. இது அமெரிக்கன் அப்பாரல் நிறுவனத்தைத் தொடங்கியவரே 2016இல் மறுபடி தொடங்கியது. பழைய பெயரை 2017இல் கனடாவின் கில்டன் நிறுவனம் 8.8 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸ் ஆலைகள் அதில் சேரவில்லை, மூடப்பட்டன. அதனால் கடையில் 'அமெரிக்கன் அப்பாரல்' என்ற பெயரைப் பார்த்ததும் பழைய நினைப்பில் எடுத்துவிடாதீர்கள். பெயரில் நாடு இருப்பது லேபிளில் நாடு இருப்பதற்கு ஈடாகாது.

அமெரிக்கன் ஜயன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2012இல் விற்பனைக்கு வந்த நிறுவனம் இது. அந்த ஆண்டுக் கடைசியில் ஓர் இணைய இதழ் அவர்களின் ஹூடியை வானளாவப் புகழ, சரக்கு தீர்ந்துபோய் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். பருத்தி அமெரிக்காவில் விளைந்தது. நூற்பு, பின்னல், சாயம் என்று பெரும்பாலான வேலை இரு கரோலினா மாநிலங்களில் நடக்கிறது. ஹூடி நூறு டாலருக்கு மேல். ஆனால் 2024இல் இதே நிறுவனம் வால்மார்ட்டுக்காக 12.98 டாலருக்கு அமெரிக்க டி-ஷர்ட் ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய கடை பெரிய அளவில் வாங்கும் உறுதி கொடுத்தால் ஆலை எந்திரத்தில் முதல் போட முடிகிறது, விலை இறங்குகிறது. திருப்பூரில் எந்த ஏற்றுமதியாளரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆர்டர் நிச்சயமானால் எந்திரம் தானாக வரும்.

ஜீன்ஸுக்குச் சிகாகோவின் டியர்பார்ன் டெனிம் நடுத்தர விலையில் தொடங்க நல்ல இடம். ராலே டெனிம் விலை அதிகம். வேலைப்பாடும் அதற்கேற்ப இருக்கும். ஓக்லஹோமாவின் ஷானியில் 1903இல் தொடங்கிய ரவுண்ட் ஹவுஸ், ரயில்வே தொழிலாளர்களின் ஓவரால் உடைக்குப் பேர் பெற்றது. தோட்ட வேலைக்கு அதை அடித்துக்கொள்ள வேறில்லை. சட்டைக்கு ஹூஸ்டனில் 1883 முதல் இருக்கும் ஹாமில்டன், பென்சில்வேனியாவின் கிட்மன் பிரதர்ஸ். இரண்டும் என் சம்பளத்துக்கு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கட்டுப்படியாகும். கம்பளி பிடித்தவர்கள் டக்வொர்த்தைப் பாருங்கள்: ஆடு மொன்டானாவில், நூலும் துணியும் கரோலினாக்களில். ஐந்து கேள்விகளுக்கும் ஒரே நாட்டைப் பதிலாகச் சொல்லும் உடைகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. கையால் தைத்த பருத்தி உடைகளைப் பார்க்க மட்டுமாவது அலபாமா மாநிலத்தின் ஃப்ளோரன்ஸில் இருக்கும் அலபாமா சானின் தளத்துக்குப் போய்வாருங்கள். விலையைப் பார்த்தால் நம் ஊர் முகூர்த்தப் பட்டு நினைவுக்கு வரும்.

பாதி இங்கே, பாதி வெளியே தைக்கும் பெயர்களில்தான் அதிகம் தடுமாறுவோம். 1889இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கார்ஹார்ட் பெரும்பாலானவற்றை வெளிநாட்டில் தைக்கிறது. உள்நாட்டில் தைப்பதைத் தனிப் பிரிவாக விற்கிறது. ஆரிகனின் பென்டில்டன் போர்வைகளைத் தன் சொந்த ஆலைகளில் நெய்கிறது. சட்டைகளில் பல வெளியே தைத்தவை. போர்வையைப் பார்த்துவிட்டு சட்டையையும் நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 2020இல் திவாலானபோது தன் மூன்று அமெரிக்க ஆலைகளையும் கைவிட்டது. பழைய கட்டுரைகளில் இன்னும் அந்தப் பெயர் இருக்கும், ஏமாறாதீர்கள். இத்தகைய பெயர்களில் உடைக்கு உடை லேபிள் பார்ப்பது ஒன்றே வழி.

மழைக்கோட்டு, உள்ளாடை, குழந்தைகளின் உடை ஆகியவற்றில் இந்தத் தேடல் பெரும்பாலும் வெறுங்கையோடு முடியும். அதற்காக மனம் உடைய வேண்டாம்.

யாருடைய கூலி?

'மேட் இன் யுஎஸ்ஏ' என்பதை 'நல்ல கூலி' என்று மொழிபெயர்த்துக்கொள்வது புதியவர்களின் இரண்டாவது தவறு. 1995 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே எல் மான்டேயில், முள்வேலி போட்ட குடியிருப்பில் அடைத்துவைத்துத் தைக்கவைத்த 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். பழங்கதை என்று தள்ள முடியாது. தென் கலிபோர்னியாத் தையல் கூடங்களில் தொழிலாளர் துறை 2022இல் நடத்திய ஆய்வில் பத்தில் எட்டு இடங்களில் ஊதியச் சட்ட மீறல் இருந்தது; ஒருவருக்குக் கிடைத்த கூலி மணிக்கு 1.58 டாலர். இத்தனைக்கும் அந்த ஆண்டு ஜனவரி முதல் அங்கே பீஸ் ரேட் முறைக்குச் சட்டம் தடை போட்டிருந்தது. காஜாவுக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சட்டத்தின் அருமை எனக்குப் புரிகிறது.

சொந்த ஆலையும் முழு விடை ஆகாது. மேலே நான் பரிந்துரைத்த லாஸ் ஏஞ்சலஸ் அப்பாரலையே 2020 ஜூலையில் கவுண்டி (மாவட்ட) சுகாதாரத் துறை மூட உத்தரவிட்டது. 300க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்று, நால்வர் மரணம். இருந்தும் எங்கே தைக்கிறார்கள் என்று முகவரியோடு சொல்லும் நிறுவனத்தைச் சொல்லாத நிறுவனத்தை விட மேலாக மதிக்கிறேன். முகவரி தெரிந்தால்தான் அதிகாரி கதவைத் தட்ட முடியும்.

பணம் குறைவா? பழைய துணிக்கடைக்குப் போங்கள்

குட்வில் போன்ற பழைய பொருள் கடைகளில் எட்டு பத்து டாலருக்கு அமெரிக்கத் தையல் கிடைக்கிறது. உடையில் பராமரிப்புக் குறிப்பே இல்லையென்றால் அது 1972க்கு முந்தியதாக இருக்கலாம். அந்த ஆண்டில்தான் துவைக்கும் முறையை எழுதுவது கட்டாயமானது. பக்கவாட்டுத் தையலில் மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சிறு பட்டி இருந்தால் 1995க்கு முன் தைத்தது. அந்த ஆண்டு அச்சங்கம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. பட்டி கிழிந்து போயிருந்தால் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். துணி கெட்டியாக இருந்தால் வாங்குங்கள், நாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசிப் படி: கேட்டு வாங்குங்கள், வந்ததும் பாருங்கள்

சிறு நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்கின்றன. உங்கள் அளவு இல்லாமல் போகும், ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். கெட்டிப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அளவு அட்டவணையில் துவைத்த பின் அளவா, முன் அளவா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

பார்சல் வந்ததும் துவைக்கும் முன் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். தளத்தில் சொன்னதும் லேபிளில் இருப்பதும் வேறாக இருந்தால் படம் எடுத்துவைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். கமிஷனின் தளத்தில் புகார் கொடுக்கவும் வசதி உண்டு.

வாங்கும் முன் ஒரு மின்னஞ்சல் போடுவது என் வழக்கம். துணி எந்த ஊரில் நெய்தது, எந்த ஊரில் தைக்கிறீர்கள், சொந்த ஆலையா, வெளியே கொடுத்துத் தைக்கும் ஜாப் ஒர்க்கா என்று மூன்றே கேள்விகள். பெரிய நிறுவனங்களிலிருந்து 'உலகத் தரம் வாய்ந்த கூட்டாளிகள்' என்ற ரீதியில் ஏதோ ஒன்று வரும்; அதைத் தைத்த இடத்தைச் சொல்ல மறுப்பதாகவே எடுத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு சின்னச் சட்டைக் கடைக்கு எழுதினேன். துணி ஜப்பான், தையல் எங்கள் கடைக்கு மேல்மாடியில், பட்டன் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. பட்டனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மூன்று நாள் கழித்து அதற்கும் பதில் வந்தது: சீனா. சட்டையை வாங்கிவிட்டேன்.